பதிவுத் தாளில் டொட் துரை

காலை ஐந்தரைக்கு எழும்புவேன். தண்ணீர் கொதிக்க வைப்பேன். இரண்டு கோப்பை எடுப்பேன், ஒன்றைத் திருப்பி வைப்பேன். தேத்தண்ணீர், சவரம், குளிப்பு, முதல்நாள் பாணில் இரண்டு துண்டு. அடையாள அட்டை சட்டைப் பையில். அதன் பின்னால் நான்காக மடித்த பொலிஸ் பதிவுத் தாள். ஏழு மணிக்குக் கேற்றைப் பூட்டுவேன். ஒழுங்கை முகப்புச் சோதனைச் சாவடியில் கோப்ரல் தாளை விரித்துப் பார்ப்பார். மனைவி எங்கே என்று கேட்பார். குளிக்கிறாள் என்பேன். போகச் சொல்வார்.

நேசமலர் பெப்ரவரியில் இறந்துவிட்டாள். இது நடந்தது ஜூனில்.

தமிழர் வீடுகளில் இருப்பவர்களைப் பொலிஸ் பதிந்த அந்தத் தாளில் எங்கள் வீட்டுக்கு மூன்று பேர். முதலாவது நான். இரண்டாவது நேசமலர், மனைவி. மூன்றாவது லெப்டினன்ட் ஹம்ப்ரி டொட். மூவரில் உயிரோடு இருந்தது நான் மட்டும். மரணச் சான்றிதழைக் காட்டினால் பொலிசில் அவள் பெயருக்கு மேல் கோடு போடுவார்கள். அதனால் நான் காட்டவில்லை. பொய்த் தகவல் கொடுத்தால் உள்ளே போடும் காலம் அது. தெரிந்துதான் இருந்தேன்.

டொட் எங்கள் கேற்றுக்குப் பக்கத்து மதிலில் இருந்தார். வெள்ளைக்காரப் படை கண்டி எல்லைக்குப் போன பழைய பாதைதான் பாமன்கடையில் நாங்கள் இருந்த ஒழுங்கை என்பார்கள். அவர் நினைவாக அதில் ஆளுயரக் கல் ஒன்று நட்டிருக்கிறார்கள். ஒழுங்கைக்குத் தார் போடப்போடத் தரை உயர்ந்தது, கல் தாழ்ந்தது. வீட்டுக்காரர் மதில் கட்டும்போது கல்லைப் பிடுங்க முடியாமல் அதையும் சேர்த்துப் பூசிவிட்டார். வெளியே மிஞ்சியது பதவியும் பெயரும் மட்டும், ஆங்கிலத்தில், மற்ற வீடுகளில் பெயர்ப்பலகை இருக்கும் இடத்தில். அவர் செத்த விபரமெல்லாம் மண்ணுக்குள்.

இரண்டு வருடத்துக்கு முன் பதிவு எடுக்க வந்த கொன்ஸ்டபிள் அதை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, லெப்டினன்ட் மாத்தயா இருக்கிறாரா என்று கேட்டிருக்கிறார். நான் கந்தோரில் வேலையில். வீட்டில் ஆம்பிளை இல்லை என்று சொல்ல நேசமலருக்கு விருப்பமில்லை.

“துரை குளிக்கிறார் எண்டு சொல்லிப்போட்டன்” என்றாள் அன்று பின்னேரம். கொன்ஸ்டபிள் எழுதிக்கொண்டாராம். வயது கேட்டாராம், நாற்பது என்றாளாம். உறவு கேட்டாராம், எங்களுக்கு முதலே இங்கே இருந்தவர் என்றாளாம். சொல்லி முடிக்குமுன் சிரிப்புத் தாங்காமல் நிலத்தில் இருந்துவிட்டாள். நான் ஏசினேன். நாளைக்கே போய்த் திருத்த வேண்டும் என்றேன்.

“விடுங்கோப்பா. வீட்டிலை ஒரு ஆமிக்காரர் இருக்கிறது நல்லதுதானே.”

நல்லதாகத்தான் போயிற்று. சுற்றிவளைப்பு வந்தால் எங்கள் கேற்றைத் தாண்டிப் போவார்கள். கோப்ரல் காலையில் மதிலைப் பார்த்து சலூட் அடிப்பார். சித்திரைப் புதுவருடத்துக்குச் சாவடியிலிருந்து துரைக்கென்று ஒரு தட்டுக் கவும் பலகாரம் வந்தது. நேசமலர் தின்றுவிட்டு, தட்டில் உழுந்து வடை வைத்து, துரை நன்றி சொன்னார் என்று திருப்பி அனுப்பினாள். ஒரு சிப்பாய் தன் ஊருக்கு மாற்றம் வாங்கித்தரச் சொல்லித் துரையிடம் கேட்க வந்தான். துரை யோசிப்பதாகச் சொல்லி அனுப்பினாள். யார் நேரில் பார்க்க வந்தாலும் துரை குளித்துக்கொண்டிருந்தார்.

ஜூனில் பொலிசுக்குப் புதிதாக சார்ஜன்ட் பதியுதீன் வந்தார். பழைய தாள்களையெல்லாம் எடுத்து வாசித்தார். ஒரு ஞாயிறு காலை எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார்.

“லெப்டினன்ட் ஈக்கிறாரா?”

குளிக்கிறார் என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர் கதிரையில் இருந்து பத்து நிமிடம் காத்திருந்தார். பிறகு, சரி, மனைவியைக் கூப்பிடுங்கள் என்றார்.

“குளிக்கிறா.”

சார்ஜன்ட் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். ஒரு அறை, ஒரு குசினி, ஒரு பாத்ரூம். பாத்ரூம் கதவு மூடியிருந்தது. கொப்பியை மூடி மடியில் வைத்தார். குரலைத் தாழ்த்தினார்.

“தம்பி, இது ஒங்களுக்குத் தெரியுமா?”

அதற்கு மேல் பொய் சொல்ல முடியவில்லை. நேசமலரைப் பற்றி யாரும் அப்படி நினைக்க விடமுடியாது. லெப்டினன்ட் செத்துப்போனார் என்றேன். எங்கே என்றார். கேற்றடியில் என்றேன். அவர் கை துப்பாக்கிக்குப் போனது. கேற்றடிக்குக் கூட்டிப்போய்க் கல்லைக் காட்டினேன். பெயர் மட்டும்தானே இருக்கிறது, செத்ததற்கு என்ன அத்தாட்சி என்றார்.

மேல்வீட்டு அன்னபாக்கியம் அக்காவிடம் மண்வெட்டி வாங்கிக் கிண்டினேன். பாமன்கடையில் ஒரு தமிழன் மதிலடியைக் கிண்டினால், குண்டு புதைக்கிறான் என்று சாவடி முழுவதும் ஓடி வரும். வந்தது. முழங்கை ஆழத்தில் மிச்ச எழுத்துகள் தெரிந்தன. சார்ஜன்ட் குந்தியிருந்து சத்தமாக வாசித்தார். எல்லைக்குப் படையோடு போகும் வழியில் இவ்விடத்தில் காய்ச்சலால் இறந்தார், 1803, வயது இருபத்தாறு.

“நாப்பது எண்டெல்லவா எழுதீக்கி” என்றார்.

வயது பிழைதான் என்று ஒத்துக்கொண்டேன். கோப்ரல் தொப்பியைக் கழற்றினார். இரண்டு வருடம் சலூட் அடித்தவர். அவர் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. மாற்றம் கேட்ட சிப்பாய், அப்படியென்றால் என் விஷயம் என்ன என்று கேட்டான்.

சார்ஜன்ட் தாளை மதிலில் வைத்து மூன்றாவது பெயருக்குக் கோடு போட்டார். பேனை இரண்டாவது பெயருக்கு ஏறி நின்றது.

“இவங்க இன்னம் குளிக்கிறாங்களா?”

சட்டைப் பையிலிருந்து சான்றிதழை எடுத்தேன். நான்கு மாதம் மடித்து வைத்ததில் மடிப்புகள் கிழிந்திருந்தன.

“இவவும் காய்ச்சலிலைதான்” என்றேன்.

சார்ஜன்ட் இரண்டு பக்கமும் வாசித்தார். எழுத்தில்லாத பின்பக்கத்தையும் வாசித்தார். பிறகு பேனையை என்னிடம் நீட்டினார்.

“நீங்களே போடுங்க.”

போட்டேன். மெல்லிய கோடு. கீழே பெயர் வாசிக்கலாம். பொய்த் தகவலைப் பற்றி அவர் ஒன்றும் எழுதவில்லை. போகும்போது, கிண்டிய மண்ணைத் திரும்ப மூட வேண்டாம் என்று மட்டும் சொன்னார்.

கடைசியாக நேசமலர் முருகா என்று சொன்னதாக அவள் தாய், என் மாமி, எல்லாருக்கும் சொல்கிறார். மாமி அங்கே இருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் தள்ளுவண்டியை உள்ளே எடுத்தார்கள். என்னைக் கதவடியில் நிற்கச் சொன்னார்கள். அவள் தலையைத் திருப்பினாள்.

“ஆரும் தேடி வந்தா, நானும் குளிக்கிறன் எண்டு சொல்லுங்கோ.”