கருகிய ஆரஞ்சுத் தோல்

அன்று காலை சாப்பாட்டு மேசையைச் சுற்றி இருந்தவர்கள்: அக்கா, அம்மா, தம்பி, தெருமுனை ரொட்டிக்கடைக்காரர். நடுவில் ஒரு பெரிய ரொட்டியும் மூன்று கண்ணாடிப் பாட்டில்களும். ரொட்டி கடைக்காரர் கொண்டுவந்தது. பாட்டில்கள் அக்காவுடையவை.

காலை ரொட்டியில் தடவிக் கொடுக்க வீட்டில் செய்த சாக்லேட் விழுது வேண்டும், ஆனால் ஒருவருடையதுதான் வைப்பேன் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். அந்த ஓர் இடத்துக்காக அக்கா ஒரு வருடமாக வேலை முடிந்து வந்ததும் அடுப்படியில் நின்றாள். வெந்நீருக்கு மேல் கிண்ணத்தை வைத்துச் சாக்லேட்டை உருக்குவாள். ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்து கட்டி தட்டினால் அத்தனையும் வீண். அப்படி எத்தனையோ கிண்ணம் போயிருக்கிறது.

"தைரியமா சாப்பிடுங்க சார்," என்றான் தம்பி. "அக்கா கைப்பக்குவம் எங்களுக்குத் தெரியும். என்னை அடிச்சு வளத்த கையாச்சே."

பாதாம் போட்ட விழுது நன்றாக இருக்கிறது என்றார் கடைக்காரர். காபியும் சரி. ஆரஞ்சை வாயில் வைத்ததும் மெல்லுவதை நிறுத்தினார்.

"இதுதான் ஏற்கெனவே நம்ம கடைக்கு வந்துடுச்சேம்மா. போன வாரம் தம்பிதானே கொண்டாந்தாரு? அதையே வைக்கறதாச் சொல்லிட்டேன். இன்னிக்கு வேற ருசி ஏதோ காட்டப் போறீங்கன்னு நெனச்சேன்."

தம்பி ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

"ஆரஞ்சு போட்டா ஆரஞ்சு மாதிரிதான்க்கா இருக்கும். இது என்ன உன் பாட்டன் சொத்தா?"

"என் பாட்டன்தாண்டா உனக்கும் பாட்டன்."

அது தன் பக்குவம்தான் என்பதில் அக்காவுக்குச் சந்தேகமே இல்லை. முன்பு ஒருநாள் ஆரஞ்சுத் தோலை வாணலியில் வறுக்கப் போட்டு, அம்மாவிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அவள் குளிக்கப் போனாள். அம்மா கண் அசந்துவிட்டாள். ஓரமெல்லாம் கரி. கொட்ட மனமில்லாமல் அக்கா அதைச் சர்க்கரையோடு அரைத்து விழுதில் போட்டாள். அந்தக் கசப்பு வந்து திகட்டலை அடக்கியது. அன்றிலிருந்து வேண்டுமென்றே கருக்கினாள். வேறு யாராக இருந்தாலும் குப்பையில் போட்டிருப்பார்கள். தம்பிக்கு அடுப்புப் பற்றவைக்கவே தெரியாது. விஷயம் தெரிந்தவர்கள் இரண்டே பேர்.

அக்கா அம்மாவைப் பார்த்தாள். அம்மா மேசைமேல் கிடந்த ரொட்டித் துகளை உள்ளங்கையில் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"யாரும்மா வறுத்தது?"

"நான்தான். அவன் வீட்டுக்குப் போயி."

முட்டிவலிக்கு டாக்டரிடம் போகிறேன் என்று அம்மா வாரம் ஒருமுறை கிளம்பியது இதற்குத்தான். திரும்பி வந்ததும் அந்த முட்டிக்குக் களிம்பு தேய்த்துவிட்டவள் அக்கா.

"அவனுக்கு வேலை போயி நாலு மாசமாச்சு," என்றாள் அம்மா. "உனக்குன்னு ஒரு வேலை இருக்கு."

"என்னைக் கேட்டிருக்கலாமே."

"கேட்டா குடுத்திருப்பியா?"

அக்கா யோசித்தாள். "மாட்டேன்."

"அதான் கேக்கல."

கடைக்காரர் ரொட்டியை அப்படியே விட்டுவிட்டு, அப்புறம் வருகிறேன் என்று நழுவினார். தம்பி செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வெளியே நின்றான்.

அக்கா அம்மாவின் துணிப்பையையும் மாத்திரை டப்பாவையும் எடுத்துவந்து அவள் மடியில் வைத்தாள்.

"நீயும் போம்மா. அங்க அடுப்பைப் பாத்துக்க ஆள் வேணும்ல."

"கோவத்துல பேசாத."

"கோவமில்ல. தினம் உன் மூஞ்சியில முழிக்க முடியாது."

அம்மா எழுந்தாள். நிலைப்படியில் கொஞ்சம் தாமதித்தாள், யாராவது கையைப் பிடிப்பார்கள் என்பதுபோல. தம்பி பையை மட்டும் வாங்கிக்கொண்டான். அவள் வெளியே கால் வைத்ததும் அக்கா கதவைச் சாத்திப் பூட்டினாள்.