இரண்டு கிலோ தக்காளி

ஐயாத்துரை பேப்பரை என் முகத்துக்கு நேரே ஆட்டினார். நெளுக்குளம் பாலர் பாடசாலையில் பெற்றோர் கூட்டம். மரபணு மாற்றிய மரக்கறிகளை அரசாங்கம் தடுக்கப் போகிறதென்று பேப்பரில் போட்டிருந்ததாம். பிள்ளைகளின் மத்தியானச் சாப்பாட்டுக்கு நான் கொடுக்கிற தக்காளி அந்தச் சாதிதான், அதில் சத்தென்று ஒன்றுமே இல்லை என்றார். எல்லாப் பழமும் கைமுட்டி அளவில் ஒன்றுபோலக் காய்க்கிறதே, வேறு சாட்சி எதற்காம்? அவர்தான் பாடசாலைக் குழுத் தலைவர். நாட்டுத் தக்காளி போட்டுவிட்டு வாங்க ஆளில்லாமல் இருந்தவரும் அவர்தான்.

“தோட்டக்காட்டாருக்குச் சத்தைப் பற்றி என்ன தெரியும்?”

மெதுவாகத்தான் சொன்னார். எல்லோருக்கும் கேட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுபத்தேழுக் கலவரத்தில் அடிவாங்கி மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தபோது எனக்குப் பத்து வயது. அன்றைக்கு இந்த மண்ணில் குனிந்த முதுகு இன்னும் நிமிரவில்லை.

“ரெண்டையும் சோதிச்சுப் பாருங்கோ,” என்றேன்.

விவசாயப் போதனாசிரியர் தயாபரன் கண்டிப் பக்கத்து ஆய்வுகூடம் ஒன்றுக்கு அனுப்ப ஒப்புக்கொண்டார். ஆளுக்கு ஒரு கிலோ போதுமாம். சேர்த்து அனுப்புவதாகச் சொல்லி ஐயாத்துரை என்னிடம் கூடையோடு இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு போனார். எதற்கென்று நான் கேட்கவில்லை.

முடிவு வர ஒரு மாதம் ஆனது. அதுவரை என் தக்காளியை ஒருவரும் தொடவில்லை. பழம் செடியிலேயே வெடித்தது. நாலு வயது மகள் நிசாந்தினி ஒருநாள் பாடசாலையால் வந்து, எங்கட தக்காளி நஞ்சா அம்மா என்று கேட்டாள். நாசமாய்ப் போக என்று அன்றைக்கு வாய்விட்டே திட்டினேன்.

அறிக்கையைத் தயாபரன் கூட்டத்தில் வாசித்தார். இரும்பு, சுண்ணாம்பு, விட்டமின் எல்லாம் ஏறக்குறையச் சமம். ஐயாத்துரையின் பழத்தில் புளிப்புக் கொஞ்சம் கூட, என்னுடையதில் தண்ணீர் கொஞ்சம் கூட. மரபணுவில் யாரும் கைவைக்கவில்லை. இரண்டு சாதியைக் கலந்தெடுத்த வெறும் கலப்பு விதை. அப்பாடா என்றிருந்தது.

“தண்ணி எங்கட கிணத்திலயே இருக்கு,” என்றார் ஐயாத்துரை. “பிள்ளையளுக்கு நாட்டுத் தக்காளியே காணும்.”

அவருக்கே கை தூக்கினார்கள்.

அடுத்தநாள் என் கூடையை வாங்க அவர் வளவுக்குப் போனேன். நாற்றுமேடைக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். மடியில் அதே பேப்பர். சாம்பலில் பிரட்டிக் காயவைத்த தக்காளி விதை அதில் ஒட்டிக் கிடந்தது. நகத்தால் சுரண்டிச் சுரண்டி மேடையில் தூவிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகம் ஒருமாதிரிப் போனது.

“நல்ல பெரிய பழம்,” என்றார். “விதையை ஏன் எறிவான் எண்டு எடுத்து வைச்சனான்.”

கலப்பு விதை ஒருதரம் விதைக்கத்தான். பழத்தில் எடுத்துப் போட்டால் ஒன்று சுண்டங்காய், ஒன்று கோணல், ஒன்று மலடு. முதல் வருசம் நானும் அப்படித்தான் போட்டுத் தலையில் கைவைத்தவள். அடுத்த போகம் பாடசாலைக்கு அவர்தான் கொடுக்கவேண்டும். நான் மேடையைப் பார்த்தேன். மண் வறண்டு கிடந்தது.

“தண்ணி காணாது,” என்றேன். “இன்னும் ஊத்துங்கோ.”

அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனார்.