ஆல்ட் பட்டனின் சத்தம்

பிரிஜா ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது பஹ்ரைனுக்குப் போய்விட்டு வருவாள். விசா வேண்டாம், ஏஜெண்டின் காலைப் பிடிக்கவும் வேண்டாம். இடது கைக் கட்டைவிரலால் ஆல்ட் பட்டனை அமுக்கிக்கொண்டு இன்னொரு விரலால் டேப் பட்டனை ஒரு தட்டு தட்டினால் போதும். யாரோ ஒரு நோயாளியின் ஆஸ்பத்திரி பில் பின்னால் போய்விடும், கணவன் டிஜோ உறங்குகிற முகம் திரையில் முன்னால் வரும். மனதுக்குள் மூன்று எண்ணும் வரை பார்ப்பாள். மறுபடியும் அதே இரண்டு பட்டன். பில் வந்துவிடும்.

நாகர்கோவிலில் உள்ள ஒரு கம்பெனிக்கு, கடற்கரை ஊரான இனயத்தில் வீட்டிலிருந்தபடியே செய்கிற வேலை. இன்சூரன்ஸுக்கு வருகிற ஆஸ்பத்திரி பில்களைப் பார்த்துத் தட்டச்சு செய்ய வேண்டும். திரையில் இடது பாதியில் பில், வலது பாதியில் கட்டங்கள். பெயர், வயது, மருந்து, தேதி என்று ஒவ்வொரு கட்டமாக நிரப்பிக்கொண்டே போகவேண்டும். வேலையில் சேர்ந்தபோது டீம் லீடர் சுந்தரராஜ் மூன்று நாள் பயிற்சி கொடுத்தார். மூன்று நாளும் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்.

"மவுசத் தொடாதீங்க. கை மவுசுக்குப் போயிட்டு வாறதுக்குள்ள ஒரு பில்லு போச்சு, கேட்டீங்களா. எல்லாம் கீபோர்டுலயே நடக்கணும்."

விண்டோ மாற்ற ஆல்ட்டும் டேப்பும். விண்டோவை மூட ஆல்ட்டும் எஃப் ஃபோரும். இப்படி ஒரு தாள் நிறைய அச்சடித்துக் கொடுத்தார். அந்த வேலையில் விண்டோ மாற்றவேண்டிய தேவையே கிடையாது, எல்லாம் ஒரே திரையில் இருக்கிறது. ஆனாலும் பிரிஜா அந்தத் தாளிலிருந்து முதலில் மனப்பாடம் செய்தது ஆல்ட்டும் டேப்பும்தான். காரணத்தை அவள் சுந்தரராஜிடம் சொல்லவில்லை.

லேப்டாப் தக்கலையில் வாங்கிய செகண்ட் ஹேண்ட். ஆல்ட் பட்டன் ஒருநாள் கழன்று கையோடு வந்துவிட்டது. கடைக்காரர் ஏதோ பசை வைத்து ஒட்டிக் கொடுத்தார். அன்றிலிருந்து மற்ற பட்டன்கள் எல்லாம் பூப்போல அமுங்கும், ஆல்ட் மட்டும் 'டொக்' என்று கேட்கும். பக்கத்து அறையில் வெங்காயம் உரிக்கிற மாமியார் ராஜபாய்க்குக்கூடக் கேட்கும்.

"அவன் ஒறங்குததப் போயி எத்தன தடவதான் பாப்ப? சாளை மீனுக்குப் புளி ஊத்தணும், எந்திச்சு வா" என்பாள் மாமியார். பிரிஜா, "வேல மாமி" என்பாள். டொக்.

டிஜோவுக்குப் பஹ்ரைனில் கப்பல் பழுது பார்க்கிற யார்டில் கிரேன் ஓட்டுகிற வேலை, எப்போதும் இரவு ஷிஃப்ட். காலையில் கேம்ப்புக்கு வந்து குளித்துச் சாப்பிட்டுப் படுக்கும்போது இங்கே பத்தரை மணி ஆகியிருக்கும். அவன் உறங்குகிற நேரமெல்லாம் இவளுக்கு வேலை. இவள் வேலை முடிகிற நேரம் அவன் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருப்பான். கல்யாணம் முடிந்து இரண்டரை வருடம் ஆகிறது. இரண்டு பேரும் ஒரு கூரைக்குக் கீழே இருந்தது நூற்றுப் பதினொரு நாள். பிரிஜா எண்ணி வைத்திருக்கிறாள்.

ஒருநாள் அவன் வீடியோ காலைத் துண்டிக்க மறந்து உறங்கிவிட்டான். அதிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. ஒரு அறையில் நான்கு பேர், நான்கு பேரும் இரவு ஷிஃப்ட், அதனால் பேச முடியாது. பால் பவுடர் டின்னில் போனைச் சாய்த்து வைத்து, காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு படுத்துவிடுவான்.

"ஏட்டி, நீ தட்டுத சத்தம் ஓலைல மழ பெய்யித மாதிரி இருக்கு. மைக்க ஆஃப் பண்ணிராத. அதக் கேட்டாதான் எனக்கு ஒறக்கமே வருது" என்றான்.

சாயங்காலம் ஐந்து நிமிடம் பேசக் கிடைக்கும். "ஒறங்குனீங்களா?" என்று கேட்பாள். "செத்த பொணம் மாதிரி ஒறங்குனேன்" என்பான். "வாயில நல்ல வார்த்தையே வராதா? பின்ன ஏன் கண்ணு செவந்து கெடக்கு?" என்றால், "யார்டுல ஒரே பொடி பிள்ளே" என்பான்.

அவன் திரும்பி வருவதற்கு வழி ஒன்று இருந்தது. பிரிஜாவின் வேலை தற்காலிகம். மார்ச் மாதம் நிரந்தரமாகிவிட்டால் மாதாமாதம் ஒரு சம்பளம் உறுதி. அதன்பிறகு டிஜோ ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்து, ஊரில் விசைப்படகு இன்ஜின் வேலை பார்த்துக்கொள்ளலாம். இரண்டு பேரும் கூடிப் பேசி முடிவு செய்தது இது. மார்ச்சுக்கு இன்னும் நான்கு மாதம். அந்த நான்கு மாதத்தையும் பிரிஜா மூன்று மூன்று எண்ணாகப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தாள்.

போதவில்லை என்பதுதான் உண்மை. மூடிய கண்ணை எத்தனை நாள் பார்ப்பது? சில நாள் ஆல்ட்டை விடாமல் ஒரு கணம் பிடித்திருப்பாள். அப்போது திறந்திருக்கிற விண்டோக்கள் எல்லாம் சின்னச் சின்னப் படங்களாகத் திரையில் வரிசைகட்டி நிற்கும், அதில் கட்டைவிரல் நகம் அளவுக்கு அவன் முகம் ஒன்று. பஸ்ஸில் வரும்போது நம்முடைய வீடு தூரத்தில் தெரிகிற மாதிரி. பிறகு விரலை எடுத்தால் முகம் பெரிதாக வரும், கண் மூடியிருக்கும். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, தான் பார்க்கிற நேரத்தில் அவன் கண் திறந்துவிட மாட்டானா என்று அவளுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். உடனே, பாவம் உறங்கட்டும் என்று தன்னையே திட்டிக்கொள்வாள்.

செவ்வாய்க்கிழமை பன்னிரண்டரை மணிக்கு சுந்தரராஜ் போன் செய்தார். டிஜோவின் உறக்கம் கெட்டுவிடக்கூடாதே என்று பிரிஜா போனை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள்.

"பிரிஜா, ஒண்ணு கேக்கணும், தப்பா எடுக்காதீங்க. ஒங்க ஸ்கிரீன்ல ஒரு ஆளு ஒறங்கிட்டு கெடக்காரே, அது ஆரு?"

கம்பெனி லாகினில் இருக்கும்வரை, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கம்ப்யூட்டரே திரையைப் படம் எடுத்துக் கம்பெனிக்கு அனுப்பும் என்று பயிற்சியிலேயே சொல்லியிருந்தார்கள். எந்த நொடியில் எடுக்கும் என்று யாருக்கும் தெரியாது. மூன்று எண்ணுவதற்குள் என்ன எடுத்துவிடப் போகிறது என்று அவள் நினைத்திருந்தாள்.

"எங்க வீட்டுக்காரரு சார்."

சுந்தரராஜும் எட்டு வருடம் மஸ்கட்டில் கிடந்தவர்.

"பதினேழு படத்துல வந்திருக்காரு. நோயாளிங்க பில்லு ஓடுத கம்ப்யூட்டர்ல வீடியோ கால் ஓடப்பிடாது, நான் படிச்சுப் படிச்சு சொன்னேன்லா? இது வர வந்தத எப்படியாவது நான் சொல்லிக்கிடுதேன். இனி ஒரு படம் வந்தா லாகின் போயிரும், என் கையில இல்ல. மார்ச் லிஸ்ட்ல ஒங்க பேரு இருக்கு. நீங்களே கெடுத்துராதீங்க." பிறகு குரலைத் தாழ்த்தினார். "படத்த ஒங்க போனுக்கு அனுப்புதேன். பாத்துட்டு அழிச்சிருங்க."

பிரிஜா வந்து லேப்டாப் முன்னால் உட்கார்ந்தாள். திரையில் பில் நின்றது. பின்னால் எங்கோ டிஜோவின் வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. வீடியோ காலைத் துண்டிக்கவேண்டும், இப்போதே. ஆனால் துண்டிக்கும் முன், போனில் வந்த படங்களைப் பார்த்தாள்.

பதினேழு டிஜோ. வெள்ளைப் பனியன் போட்ட டிஜோ, பச்சைப் பனியன் போட்ட டிஜோ, வாயைத் திறந்து வைத்திருக்கிற டிஜோ. பார்த்தவரை எல்லாம் கண் மூடியவை. தன் திருட்டுத்தனம் இப்படி வரிசை போட்டு வந்து நிற்பதைப் பார்க்க அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, விட்டுப் பிரிய மனம் வராமலும் இருந்தது. பதினான்காவது படத்திலிருந்து முகம் பெரிதாக இல்லை. அவள் ஆல்ட்டைப் பிடித்திருந்த கணத்தில் எடுத்தவை, விண்டோக்கள் வரிசையாக நிற்கிறவை. அதில் நகம் அளவுக்கு ஒரு டிஜோ. இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கினாள்.

கண் திறந்திருந்தது.

தெளிவில்லாத படம், தன் கண்ணுக்குத்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தாள். அடுத்ததைப் பெரிதாக்கினாள். திறந்திருந்தது. அதற்கடுத்ததிலும், கடைசியிலும் திறந்தேயிருந்தது. நான்கு வெவ்வேறு நாள், நான்கு வெவ்வேறு நேரம். நான்கிலும் அவன் நேராக அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிரிஜாவுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. முதலில் டொக் சத்தம். அவன் காதில் ஹெட்செட். அவள் வருகிறாள் என்று அந்த ஆல்ட் பட்டன் ஒவ்வொரு தடவையும் போய்ச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. சொன்னதும் கண்ணை மூடியிருக்கிறான். அவன் மூடுவது இங்கே வந்து சேர ஒரு நொடி ஆகும், அந்த ஒரு நொடியில் கம்பெனிக்காரன் படம் எடுத்துவிட்டான். மறுபடி டொக் கேட்டால் அவள் வேலைக்குத் திரும்பிவிட்டாள் என்று அர்த்தம். உடனே கண்ணைத் திறந்துவிடுவான்.

மழையாம். ஓலையாம். கள்ளன்.

அப்படியென்றால் இப்போதும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான். பிரிஜாவுக்குக் காது மடல் சூடாகிவிட்டது. காலையில் தலைகூட வாரவில்லை. கொண்டையில் ஒரு பென்சிலைச் செருகி வைத்திருக்கிறாள், நைட்டியின் தோளில் நேற்றைய மஞ்சள் கறை. நிமிராமல் பில்லையே பார்த்து ஏதோ ஒரு பெயரைத் தட்டினாள். அவளால் திருத்தமாக ஒரு எழுத்துகூடத் தட்ட முடியவில்லை.

ஒன்றரைக்குச் சாப்பாட்டு இடைவேளை. அப்போது லாகின் இருக்காது, யாரும் படம் எடுக்கப் போவதில்லை. இன்னும் முக்கால் மணி நேரம்தான். இரண்டரை வருடம் பொறுத்தவளுக்கு அந்த முக்கால் மணி நேரம் பொறுக்க முடியவில்லை. மார்ச் என்று மனம் எச்சரித்தது. கேட்டுக்கொண்டாள், ஆனால் கை கேட்கவில்லை.

ஆல்ட்டைத் தொடவில்லை. வலது கையால் தட்டிக்கொண்டே இடது கை விரலை டச்பேடில் வைத்து, அம்புக்குறியைப் பைய நகர்த்தி, அடியில் இருந்த வீடியோ கால் அடையாளத்தில் கொண்டுபோய் வைத்து மெதுவாகத் தொட்டாள். ஒரு சத்தமும் இல்லை.

டிஜோ கண்ணை நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டு படுத்திருந்தான்.

கன்னத்துக்குக் கீழே கையை மடித்து வைத்திருந்தான். கண் சிவந்து கிடந்தது. யார்டுத் தூசியால் வந்த சிவப்பு இல்லை அது. தட்டும்போது எழுத்துக்களை முணுமுணுப்பது பிரிஜாவின் பழக்கம். அவள் உதடு அசைய அசைய அவன் உதடும் கூடவே அசைந்துகொண்டிருந்தது. ஒரு கொட்டாவி வந்தது. அதை விழுங்கிவிட்டு, உறக்கம் போகட்டும் என்று காது மடலை நகத்தால் கிள்ளிக்கொண்டான். மறுபடியும் பார்த்தான்.

பிரிஜா மூன்று எண்ணவில்லை. எண்ணுவதையே மறந்துபோனாள். படம் எடுத்தால் எடுத்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தது. தன்னை ஒருவன் இப்படிப் பார்ப்பான் என்று அவளுக்குத் தெரியாமலே இத்தனை நாள் போயிருக்கிறதே என்று இருந்தது. அவன் இரண்டாவது தடவை காதைக் கிள்ளிக்கொண்டபோதுதான் கிரேன் ஞாபகம் வந்தது. பதினைந்து மாடி உயரத்தில், ராத்திரி முழுக்க, இந்தக் கண்ணோடு.

"ஏங்க" என்றாள்.

டிஜோவின் கண் படக்கென்று மூடிக்கொண்டது. வாயைக்கூடக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டான்.

பிரிஜாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "போதும் நடிச்சது. கண்ணத் தொறங்க."

ஒரு கண் மட்டும் திறந்தது. "நீ பட்டன் தட்டவே இல்லியே ஏட்டி?" என்று குசுகுசுத்தான்.

"தட்டல. எத்தன மாசமா நடக்குது இது?"

"நான் ஒறங்குனா நீ மட்டுமில்லா பாக்க" என்றான் டிஜோ. "பின்ன நான் எப்பப் பாக்கது?"

பிரிஜா மூக்கை உறிஞ்சிவிட்டு சுந்தரராஜ் சொன்னதை எல்லாம் வேகமாகச் சொன்னாள். பதினேழு படம், லாகின், மார்ச். அவன் மேல் கட்டிலில் உறங்குகிறவனை ஒருமுறை பார்த்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"மார்ச் வர இது வேண்டாம்" என்றாள். "வேலைக்காகச் சொல்லல. வேலைக்காகவும்தான். நீங்க ஒறங்கணும். அவ்வளவு ஒயரத்துல இருந்து ஒங்களுக்கு என்னவாவது ஒண்ணுன்னா..."

"மழச் சத்தம் இல்லாம எப்படி ஒறங்கதுக்கு?"

"மழ பெய்யாத ஊர்லயும் ஆளுங்க ஒறங்கத்தான் செய்யுதாங்க."

டிஜோ சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. கடைசியாக ஒரு தடவை அவளை நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் பார்த்தான். கொண்டையில் செருகியிருந்த பென்சிலையும் பார்த்திருப்பான். "செரி. நீயே கட் பண்ணு பிள்ளே. எனக்குக் கை வராது."

பிரிஜா கட்டைவிரலை ஆல்ட் பட்டனில் வைத்தாள். அமுக்கினாள்.

டொக்.

அந்தச் சத்தம் கேட்டதும் அவன் கண் தானாக மூடிக்கொண்டது. நடிப்பு இல்லை, பழக்கம். மூடிய பிறகுதான் அவனுக்கே தெரிந்திருக்கவேண்டும், உதட்டோரம் லேசாக நடுங்கியது. ஆனாலும் திறக்கவில்லை. அவள் போவதைப் பார்க்கவேண்டாம் என்று நினைத்தானோ என்னவோ. பிரிஜா மூன்று எண்ணினாள். பிறகு ஆல்ட்டில் வைத்த விரலை எடுக்காமலே, மற்றக் கையை நீட்டி எஃப் ஃபோரை அழுத்தினாள்.