செய்தியில் வராதவர்கள்

ஒரு பெண்ணை எட்டு மணிச் செய்தியில் காட்டாமல் விடுவதற்கு அந்த வருடம் உக்குவளையில் விலை, ஈரக் கழிவும் தூசிக் கழிவும் போக, ஒன்றரை மூடை கராம்பு. அழகையா அதைக் கொடுத்தான். இரண்டு மூடையில் தொடங்கிய பேரம் அது. சந்தைக்குள் வளர்ந்தவன் என்பதால், போரில் சிக்கியிருந்தது பெண்டாட்டியின் உயிர் என்றாலும், அரை மூடையைக் குறைக்காமல் அவன் கை கொடுக்கவில்லை.

விஷயம் தொடங்கியது மிளகும் கராம்பும் வாங்கி விற்கும் நுஹ்மானின் கடையில். யட்டவத்தப் பக்கம் வீடு வீடாகப் போய்ச் சேர்த்த சரக்கை அழகையா அங்கேதான் கொண்டுவந்து போடுவான். கடைச் சுவரில் ஒரு தொலைக்காட்சி. தூரத்து நாடொன்றில் போர் நடந்துகொண்டிருந்தது. நம் தொலைக்காட்சிக்காரர்கள் அதைக் காட்டிய விதம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். முதலில் முரசுச் சத்தம், பிறகு வரைபடத்தில் ஓடும் சிவப்பு அம்புகள், பிரம்பும் கையுமாக ஓய்வுபெற்ற படை அதிகாரி ஒருவர், வானத்திலிருந்து எடுத்த புகை, பெட்ரோல் எவ்வளவு ஏறும் என்ற கவலை, ‘அங்குள்ள இலங்கையர் எவருக்கும் பாதிப்பில்லை’ என்ற ஒரு வரி, அதன் பின் கிரிக்கெட். ஒரு செவ்வாய்க்கிழமை, கிரிக்கெட் முடிந்து வானிலை தொடங்குமுன், அந்தப் பெட்டியிலிருந்து ஒரு கிழவர் இறங்கினார். தலையெல்லாம் சீமெந்துத் தூசி. மிளகு மூடையில் கால்வைத்துத் தரைக்கு வந்து, சைகையால் தண்ணீர் கேட்டார். நுஹ்மான் பிளேன்டீ கொடுத்தார். மறுநாள் விடியுமுன் சந்தி பேக்கரிக்குள் புகுந்து அவர் மாப் பிசையத் தொடங்கியபோதுதான் தொழில் தெரிந்தது. ‘ஆயுதக் கிடங்கு துல்லியமாகத் தகர்ப்பு’ என்று காட்டப்பட்ட கட்டடத்தின் கீழ்த்தட்டில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தவர் அவர்.

அதன் பிறகு ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். வீதியின் மறுபக்கம் ராசம்மாவின் தேநீர்க்கடையில் ஓடியது வேறு அலைவரிசை. நுஹ்மான் கடை அலைவரிசை ஒரு தரப்புக்குச் சாய்ந்தால், அது எதிர்த்தரப்புக்குச் சாய்ந்து பேசும். ஆகவே அங்கே இறங்கியவர்கள் மற்றத் தரப்புச் சனங்கள். இரு தரப்பும் மாத்தளை போகும் பஸ் தரிப்பிடத்தில் ஒரே கூரைக்குக் கீழே மழைக்கு ஒதுங்க வேண்டியிருந்தது. முதல் வாரம் ஒருவரையொருவர் முறைத்தார்கள். இரண்டாம் வாரம் ராசம்மாவின் கட்டைச் சம்பல் உறைப்பைப் பற்றி இரு பாஷையிலும் ஒரே குரலாக முறையிட்டார்கள். கிராம சேவகர் வந்து பார்த்து, ‘உறவினர் வருகை’ என்று எழுதிக்கொண்டு போனார்.

இதன் சூத்திரத்தைப் பிடித்தவர் நுஹ்மான்.

“கவனிச்சீங்களா அழகையா, டீவில மூஞ்சி தெரிஞ்ச ஒருத்தரும் வாறல்ல. அவனுங்க வெட்டி வீசினவங்கதான் எறங்கி வாறாங்க.”

உண்மைதான். செய்தியில் மூன்று விநாடி அழுத ஒரு பெண் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உள்ளங்கையை வைத்தபடி நின்றுவிட்டாள். படத்துக்குள் வராமல் ஓரத்தில் நின்ற அவளுடைய தம்பியோ சாவகாசமாக இறங்கி வந்து தேநீருக்குச் சீனி கேட்டான்.

அழகையாவுக்குத் தான் செய்த தவறு உறைத்தது. அவன் மனைவி ரஜிதா மூன்று வருடமாகப் போர் நடந்த அந்த நாட்டில்தான் ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தாள். ஒன்பது நாளாக அவள் தொலைபேசியில் பேசவில்லை. முந்தாநாள்தான் அவளுடைய படத்தை, கொழும்பிலிருந்து வந்த செய்தியாளன் சஜீவனிடம் அழகையாவே வலியக் கொடுத்திருந்தான். கடை முகப்பில் பரப்பிய சரக்கு முதலில் நகரும் என்பது அவன் தொழில் அறிவு. படத்தை நாடு பார்த்தால் அரசாங்கம் ஆளைக் கொண்டுவரும் என்று கணக்குப் போட்டுவிட்டான். நுஹ்மான் சூத்திரத்தைச் சொன்ன அன்று மாலையே சஜீவன் கேமராவோடு வந்து நின்றான். நுஹ்மான் கடையில் ஓடும் அலைவரிசைதான் அவனுடையது. ஒன்று காட்டியதை மற்றது விடிவதற்குள் காட்டிவிடும் என்பதால் ராசம்மா கடையை நம்பியும் பயனில்லை.

“அண்ணை, இண்டைக்கு எட்டு மணிக்கு உங்கட மனுசிதான் தலைப்பு. ‘போர்முனையில் மலையகத்தின் வீரமங்கை.’ ஒண்டரை நிமிசம், மியூசிக்கோட.”

ஆசைப்பட்ட சரக்கை வாய்விட்டு மட்டம் தட்ட வேண்டும். மாத்தளைச் சந்தையில் அதுதான் பழக்கம். அழகையா தட்டினான்.

“வீரமங்கையா? கரப்பான் பூச்சியக் கண்டா மேச மேல ஏறிக்குவா தம்பி. மூஞ்சியும் கேமராவுக்கு எடுபடாதுங்க. திருவிழா வீடியோலயே அவள வெட்டிப்புட்டாங்க.”

“அதுதான் அண்ணை வேணும். சாதாரண பொம்பிளை. சனம் அழும்.”

“யாரு அழுவுறது? லயத்துல நாலு வீட்டோட சண்ட. அவ ஏர்போட் போன அன்னைக்குப் பட்டாசு கொளுத்துனாங்க.”

சொல்லிவிட்டு மூடைகளின் பக்கம் திரும்பிக்கொண்டான். சஜீவன் கெட்டவன் அல்லன். ஆனால் ஒன்றரை நிமிடத்தை வெறுமையாக விட்டால் கொழும்பில் அவன் வேலை போய்விடும். அப்போதுதான் நுஹ்மான் தராசிலிருந்து தலையைத் தூக்கி, ரிவர்ஸ்டனில் யானை முகத்தோடு ஒரு பூசணிக்காய் காய்த்திருப்பதாகவும், பார்க்க வரிசை நிற்பதாகவும் சொன்னார். சஜீவனின் கண்ணில் வெளிச்சம் வந்தது. மேலிடத்தைச் சமாளிக்கும் செலவு என்று இரண்டு மூடை கேட்டான். அழகையா ஒன்றென்றான். சஜீவன் ஒரு கராம்பைக் கடித்து முகத்தைச் சுளித்தான். சுளிப்பில் பாதிதான் உண்மை என்று அழகையா கண்டுகொண்டான். ஒன்றரைக்கு முடிந்தது.

எட்டு மணிக்குப் பூசணிக்காய் வந்தது. செய்தி வாசித்த பெண் அதைப் பார்த்துக் கும்பிட்டாள். போருக்கு இருபது விநாடி மிச்சமிருந்தது. ‘அங்குள்ள இலங்கையர் எவருக்கும்’ என்று அவள் தொடங்கும்போதே ரஜிதா முதுகைக் காட்டியபடி, ஏணியில் இறங்குவதுபோல், காலால் மூடையைத் துழாவி இறங்கினாள். புருவம் வரை தூசி. கையில் ஒரு மாத்திரை அட்டை.

“பட்டன மாத்திப் போட்டிருக்கீங்க” என்றாள்.

அழகையா குனிந்து சட்டைப் பொத்தானைப் பார்த்தான். பார்த்த தலை நெடுநேரம் நிமிரவில்லை. அவன் மட்டம் தட்டியதையெல்லாம் நுஹ்மான் ஒன்று விடாமல் எடுத்துச் சொன்னார். “மூஞ்சியா எடுபடாது? வீட்டுக்கு வாங்க, பேசிக்குவோம்” என்று ரஜிதா சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. கிழவியைக் கண்ணாடி வரை கைபிடித்துத்தான் கூட்டி வந்திருந்தாள். ஆனால் முந்தின நாள், வெளிநாட்டிலிருந்து வாங்கிப் போட்ட படத்தில், தூக்குப் படுக்கையில் அந்த முகம் நான்கு விநாடி தெரிந்துவிட்டது. கிழவியைக் கண்ணாடி வெளியே விடவில்லை.

அன்றிலிருந்து ரஜிதா மாலை தோறும் கிழவியின் மாத்திரை அட்டையோடு கடையில் வந்து உட்கார்ந்தாள். பக்கத்து மூடையில் அழகையா.

“நாலு செக்கன்தானே தங்கச்சி” என்றார் நுஹ்மான். “நம்மட நாட்டுச் சண்டைய முப்பது வருசம் காட்டிட்டு மறந்தவனுங்க. கெழவிய மறக்க எவ்வளவு நேரம் போகும்? மறந்த ஒடனே அவவும் எறங்கி வந்துருவா. சனிக்கெழம புது மெட்ச் தொடங்குது.”

அதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. பேக்கரிக்காரக் கிழவர் ஓர் ஆளுக்கான ரொட்டியை முன்கூட்டியே சேர்த்துச் சுட ஒப்புக்கொண்டார். வெள்ளிக்கிழமை கடை சாத்துமுன் நுஹ்மான் கதவுப் பலகையில் கரியால் கணக்கெழுதினார். இந்தக் கடை வரவு, பதினேழு பேர். ராசம்மா கடை வரவு, பதினாறு. செய்தியில் சொன்ன தொகை, பூச்சியம். பாக்கி, ஒரு கிழவி, சனிக்கிழமை.