குடிக்கிற தண்ணீர், பாய்ச்சுகிற தண்ணீர்

வெள்ளிக்கிழமை பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து முஹன்னா நிழல் பார்க்க வந்தபோது, திடலில் நிழல் இருந்தது. ஆனால் அது கோலின் நிழல் அன்று. மலையேறிகளை மஸ்கட்டிலிருந்து ஏற்றிவந்த பேருந்தொன்று மேற்கு ஓரத்தில் நின்று, நட்ட கோலையும் மண்ணில் பதித்த கற்களையும் ஒரே கறுப்பால் மூடியிருந்தது.

கோலின் நிழல் எந்தக் கல்லைத் தொடுகிறதோ, அந்தக் கல்லுக்குரியவர் தோட்டத்துக்கு வாய்க்கால் திரும்ப வேண்டும். அதை ஊருக்கு அறிவிப்பவன் முஹன்னா. பதினான்கு ஆண்டுகளில் ஒருமுறையும் தவறியதில்லை. பள்ளிவாசல் சுவரோரம் உறங்கிய ஓட்டுநரை அவன் தேடிப்பிடித்து எழுப்பினான்.

"வெறுந்திடல்னு நெனச்சேன் அண்ணே. நேரந்தானே வேணும்? போன்ல பாருங்களேன்."

"போன் மணி சொல்லும். யாரு முறைன்னு சொல்லுமா? இங்க பகல் நீண்டா முறையும் நீளும்டா தம்பி. எடு வண்டிய!"

பேருந்து நகர்ந்தபோது நிழல் ஒரு கல்லைத் தாண்டியிருந்தது. எலுமிச்சைத் தோட்டக்காரி ஷம்சாவின் முறை பேருந்துக்கடியிலேயே கழிந்துபோயிற்று. கடந்த நீர் கடந்ததுதான் என்பது ஊர் வழக்கம். இனி எட்டாம் நாளே அவளுக்கு நீர். அவளுடைய மரங்களோ அப்போதுதான் பிஞ்சு பிடித்திருந்தன.

மறுநாள் ஊர் மன்றம் கூடியது. அடுத்த தோட்டக்காரர் ஹுமைத் ஒரு சங்கிலியையே தோளில் சுமந்து வந்திருந்தார்.

"என் வீட்டுக் கதவ மறிச்சு ஒருத்தன் வண்டி விடுறான். பொம்பளைங்க குளிக்கிற துறைக்குப் பக்கத்துல இன்னொருத்தன் அரைக்கால் சட்டையோட நிக்கிறான். இப்ப தண்ணியும் போச்சு. சங்கிலி போட்டு மலைப்பாதைய மூடு. அவ்வளவுதான்!"

முஹன்னா எழுந்தான். அந்த மலைப்பாதையின் உச்சியில் ஏழு வீடுகள். அதில் ஒன்று அவன் தங்கை ஸுவைனாவினுடையது. நடந்து வருவோர்க்கு ரொட்டியும் காவா என்ற காப்பியும் விற்றுத்தான் அந்த ஏழு அடுப்பும் எரிந்தன. சங்கிலி விழுந்தால் அவையும் அணையும்.

"பாதை யாருக்குச் சொந்தம்?" என்று முழங்கினான். "மலைய நம்ம வாப்பா செதுக்குனாரா? கல்லு விழுந்து கெடந்த வழிய மூணு வருசம் இந்தக் கையாலதான் துப்புரவு பண்ணேன். ஒரு மனுசன் நடக்கிறதுக்கு இன்னொரு மனுசன் எதுக்கு அனுமதி குடுக்கணும்? இன்னிக்கு அந்நியனுக்குப் போடுற சங்கிலி, நாளைக்கு என் தங்கச்சி கால்ல விழும்!"

மன்றத்தில் பலர் தலையசைத்தனர். ஹுமைத் மட்டும் சங்கிலியைக் கீழே வைக்கவில்லை.

"நல்லாப் பேசுற முஹன்னா" என்றது வாசலிலிருந்து ஒரு குரல். ஷம்சா நின்றிருந்தாள். பெண்கள் அங்கே வருவதில்லை. ஆயினும் நீர் இழந்தவளைப் போகச் சொல்ல ஒருவருக்கும் நா எழவில்லை.

"உக்காருங்க அக்கா" என்றான் அவன்.

"நின்னே சொல்றேன். நம்ம வாய்க்கால் ஊருக்குள்ள நுழையுற எடத்துல குடிக்கிற துறை இருக்கு. அங்க குடிக்கிறவன யாராச்சும் முறை கேட்டிருக்கோமா? வழிப்போக்கனக் கேட்டோமா? கழுதையக் கேட்டோமா? அதே தண்ணி தோட்டத்துக்குப் போறப்போ மட்டும் கல்லு வெச்சு அளக்கிறோம். நடக்கிறது குடிக்கிற தண்ணி, ஹுமைத். அதுக்குச் சங்கிலி போட்டா பாவம். வண்டி நிறுத்துறது பாய்ச்சுற தண்ணி. அத அளக்காம விட்டது முட்டாள்தனம்."

"அளக்கிறதுக்கு எடம் எங்க இருக்கு?" என்றார் ஹுமைத்.

"ஊருக்குக் கீழ இருக்கே, முள்வேலி போட்ட தரிசு."

எல்லாத் தலைகளும் முஹன்னா பக்கம் திரும்பின. அது அவனுடைய நிலம். இருபது பேரீச்சங்கன்றுகளை வாங்கி, நடுவதற்காக வீட்டு வாசலில் வரிசையாக வைத்திருந்தான்.

"அது... கன்னு நடுறதுக்கு வெச்சது அக்கா."

"தெரியும். உன் வாய் தெறந்துதான் கெடக்கு. நெலந்தான் பூட்டியிருக்கு."

சிரித்தவர்களில் ஹுமைத்தே முதல்வர். முஹன்னாவின் முகம் கறுத்தது. பிறர் கதவைத் திறக்கச் சொல்லும் நாவுக்குத் தன் வேலி தெரியாமற்போன விந்தையை எண்ணி அவன் தலை கவிழ்ந்தான். பிறகு மன்றத்தை விட்டு வெளியேறினான்.

கோபித்துக்கொண்டான் என்றே ஊர் எண்ணியது. அந்தியில் ஹுமைத் கீழே போய்ப் பார்த்தபோது வேலியில் பாதி பிடுங்கப்பட்டிருந்தது. முஹன்னாவின் கைகளில் முள் கீறிய இரத்தம். ஹுமைத் சங்கிலியை வைத்துவிட்டு மறுபாதியைப் பிடுங்கத் தொடங்கினார்.

தரிசில் பன்னிரண்டு வெள்ளைக் கற்கள் நட்டார்கள். கல்லுக்கு ஒரு வண்டி. பேருந்தானால் நான்கு கல். கல் நிறைந்தால், ஒன்று போகும்வரை அடுத்தது காத்திருக்க வேண்டும். அங்கிருந்து எல்லோரும் நடைதான். குளிக்கும் துறையை விட்டு விலகிச் சுற்றிப்போகும் வழி.

எட்டாம் நாளாகிய அடுத்த வெள்ளியன்று அதே ஓட்டுநர் வந்தான். "மலைக்குப் போறதுக்கு முன்னாடியே ஒரு மலை ஏறணுமாண்ணே?" என்று முனகிக்கொண்டே நான்கு கற்களில் பேருந்தை நிறுத்தினான்.

மேலே திடலில் கோலின் நிழல் மெலிந்து தெளிவாக நகர்ந்து ஷம்சாவின் கல்லைத் தொட்டது. முஹன்னா குரல் கொடுத்தான். வாய்க்கால் திரும்பியது. பிஞ்சுகளில் பாதி முன்னமே உதிர்ந்திருந்தன, மீதி நின்றன.

வீடு திரும்பியவன் வாசலில் நின்றுவிட்டான். குடிக்கிற துறையிலிருந்து குடத்தில் நீர் கொண்டுவந்து, நட இடமற்ற இருபது கன்றுகளுக்கும் ஷம்சா ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"என் வரப்போரம் நாலு வெக்கலாம்" என்றாள் திரும்பாமலே. "மத்ததுக்கு ஹுமைத்தக் கேளு. சங்கிலி தூக்கிட்டு வந்தவன் சும்மா தப்பிச்சுடக் கூடாது."