பாதி காலியாக ஒரு கேபினெட்

1

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் தொப்பையிலிருந்து பிறந்தது.

மூன்று வருடங்களுக்கு முன்பு தைத்த பேன்ட் இடுப்பில் ஏறவில்லை. தைத்துக் கொடுத்த கடைக்கே எடுத்துக்கொண்டு போனேன். தெருவே அக்கா என்று கூப்பிடும் தையல்காரர் அவர். கழுத்தில் டேப், வாயில் இரண்டு குண்டூசி. பேன்ட்டை உள்பக்கமாகத் திருப்பி இடுப்புத் தையலை விரலால் நீவிப் பார்த்தார்.

"பயப்படாதீங்க சார். உள்ள துணி விட்டுத்தான் தெச்சிருக்கேன். பிரிச்சு விட்டா சரியாயிடும்."

"நான் குண்டாவேன்னு அப்பவே தெரியுமா?"

"எல்லாரும் ஆவாங்க."

வெட்கத்தை மறைக்க வேறு பக்கம் பார்த்தேன். துணி வெட்டும் மேசைக்கு அடியில் கறுப்பாக, சின்ன அலமாரி அளவில் ஓர் இரும்புப் பெட்டி. அதற்குள்ளிருந்து மெல்லிய உறுமல்.

"இது என்னக்கா?"

"கம்ப்யூட்டர். கேம் ஆடுறதுக்கு."

"யாரு ஆடுறா?"

"ஏன், நான் ஆடக் கூடாதா?"

தையலைப் பிரித்து மறுபடி அடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. அதற்குள் அவர் சொன்னதுதான் கதை. எழுதலாமா என்று கேட்டேன். "எழுதிக்கோங்க. ஆனா என்னை அழ வெச்சு எழுதாதீங்க. கதை எழுதுறவங்க எல்லாரும் பொம்பளைன்னா உடனே அழ விட்டுடுறீங்க" என்றார். அழ வைப்பதில்லை என்று வாக்குக் கொடுத்தேன். அது எவ்வளவு பெரிய தொல்லை என்று அப்போது தெரியவில்லை.

2

எப்படித் தொடங்குவது என்பதில் இரண்டு நாள் போனது. எழுதி அடித்தவற்றை மறைக்கவில்லை, நீங்களும் பாருங்கள்:

"அந்த இளைஞன் திரையை வெறித்துப் பார்த்தபடி —" (எந்த இளைஞன்? அக்காவுக்கு நாற்பத்தேழு வயது. விளையாட்டு என்றதும் என் பேனா தானாக ஓர் இளைஞனைத் தேடிப் போகிறது.)

"கணினி என்பது இந்த நூற்றாண்டின் —" (தயவுசெய்து வேண்டாம்.)

"அக்காவின் கணவர் காபியை உறிஞ்சியபடி கேட்டார்" — இது ஒன்றரைப் பக்கம் போனது. அந்த ஒன்றரைப் பக்கத்திலும் மனிதர் காபியைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. எடுத்துவிட்டேன்.*

* நிஜத்தில் அவர் இருக்கிறார். நல்ல மனிதர். கதையில் வேலை இல்லை, அவ்வளவுதான்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணியிலிருந்து தொடங்குகிறேன்.

ஞாயிறு நான்கு முதல் ஆறு வரை அக்கா கடையில் தையல் இல்லை. அந்த நேரத்தில் அவர் ஒரு மலைப்பாதையில் லாரியில் போய்க்கொண்டிருப்பார். இரண்டு பேர் ஆடும் விளையாட்டு அது. ஒருவர் ஓட்ட, பக்கத்தில் இருப்பவர் வரைபடம் பார்த்து வழி சொல்ல வேண்டும். ஓட்டுவது அக்காவின் தம்பி, தூரத்து ஊர் ஒன்றிலிருந்து. வழி சொல்வது அக்கா.

ஆறு வருடங்களுக்கு முன்பு தம்பி வேறு ஊரில் வேலை என்று பெட்டியைத் தூக்கினார். தூக்கிய அன்றுதான் அக்காவிடம் சொன்னார். சின்ன வயதிலிருந்து வளர்த்தவளிடம் கடைசி நாளில் சொன்னால் கோபம் வராதா? உறவினர் அத்தனை பேர் முன்னாலும் அக்கா ஒரே வரிதான் சொன்னார்: "போனா திரும்பி வராதே." தம்பி அக்கா சொல்லைத் தட்டாதவர். வரவே இல்லை.

தம்பி போன இரண்டாம் மாதம் அக்காவின் பழைய கம்ப்யூட்டருக்கு ஓர் அழைப்பு வந்தது. தம்பி கைப்பட எழுதியது ஒரு சொல்கூட இல்லை. "லாரியில் ஓர் இருக்கை காலி" என்று விளையாட்டே அனுப்பும் வாசகம். அதுவரை சீட்டு அடுக்குவதைத் தவிர வேறு கம்ப்யூட்டர் விளையாட்டு தெரியாத அக்கா, ஒரு வாரம் முட்டி மோதிக் கற்றுக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். அன்றிலிருந்து ஏறத்தாழ முந்நூறு ஞாயிறுகள். "அடுத்த வளைவு வலது." "டீசல் போட்டாச்சா?" "பாலம் உடைஞ்சிருக்கு, சுத்திப் போ." இதற்கு மேல் ஒரு பேச்சு இல்லை. சாப்பிட்டாயா என்றுகூட இருவரும் கேட்டுக்கொண்டதில்லை. போனில் பேச்சே கிடையாது.

ஒரு ஞாயிறு ஆறு மணிக்குத் தம்பி சொன்னார்: "அடுத்த வாரத்திலேர்ந்து புது வெர்ஷன். பழசை நிறுத்திடுறாங்க. உன் மெஷின் தாங்காது." அப்புறம், "சரி, பார்ப்போம்" என்றார்.

நம்மவர்கள் பார்ப்போம் என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். அக்காவுக்கும் தெரியும். அடுத்த ஞாயிறு நான்கு மணிக்குள் புது மெஷின் இல்லையென்றால் லாரி இல்லை. லாரி இல்லையென்றால் தம்பியும் இல்லை.

துணி ஓரம் பிரியாமல் அடிக்கிற ஓவர்லாக் மெஷின் வாங்க இரண்டு வருடமாகச் சேர்த்த பணம் பீரோவில் இருந்தது. திங்கட்கிழமை காலை அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

3

கம்ப்யூட்டர் கடைக்காரருக்கு மூக்கு நுனியில் கண்ணாடி.

"பையனுக்கா மேடம்?"

"எனக்குண்ணே."

கண்ணாடி மூக்கிலிருந்து நெற்றிக்கு ஏறியது. ஆனால் தொழில் தெரிந்தவர். "கேமுக்குன்னா கிராபிக்ஸ் கார்டுதான் எல்லாம். படத்தை வரையறதே அதுதான். காசுல பாதியை அதுக்குன்னு தனியா எடுத்து வெச்சிருங்க. மீதியிலதான் மத்தது" என்றார்.

அக்கா பாதியைத் தனியாக எடுத்து வைத்தார். மீதியில் பேரம் ஆரம்பமானது. மூளையாக வேலை செய்யும் பிராசசர், போன வருடத்தது. எல்லாம் வந்து உட்காரும் மதர்போர்டு, மினுக்கு விளக்கு இல்லாத சாதா. அப்போதைக்கு நினைவில் வைத்துக்கொள்ளும் ராம், இரண்டு துண்டு. விவரங்களைச் சேமிக்கும் டிஸ்க் புதிதாக வேண்டாம், பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிக்கொள்ளலாம். துணிக்கடையில் இருபது வருடம் பேரம் பேசிய வாய் அது. கடைக்காரர் இரண்டு முறை தண்ணீர் குடித்தார்.

[இங்கே ஒவ்வொரு பாகத்தையும் விளக்கி இரண்டு பத்தி எழுதியிருந்தேன். வாசித்துப் பார்த்தபோது எனக்கே கொட்டாவி வந்தது.]

இதுவரை எல்லாம் சரி. இதையெல்லாம் பூட்டும் பெட்டியில்தான் வந்தது வினை. கடைக்காரர் ஒரு சின்னக் கண்ணாடி கேபினெட்டை எடுத்து வைத்தார். ஏழு நிறத்தில் மின்னியது. "இப்ப எல்லாரும் இதைத்தான் கேக்குறாங்க."

அக்கா அதற்குள் கையை விட்டுப் பார்த்தார். "இதுல கையே திரும்பலையே. நாளைக்குப் பெருசா ஒண்ணு போடணும்னா?"

"நாளைக்கு உள்ளதை நாளைக்குப் பார்த்துக்கலாம் மேடம்."

"அப்படித் தெச்சா எனக்கு ஒருத்தரும் துணி குடுக்க மாட்டாங்க."

கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க முட்டுக்கொடுத்து வைத்திருந்த கறுப்பு இரும்புக் கேபினெட் ஒன்று அவர் கண்ணில் பட்டது. "அது விலைக்குத்தானே?" கடைக்காரர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "அதுல பாதி காலியாக் கெடக்கும் மேடம்!" "கெடக்கட்டும்ணே." மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பவர் சப்ளையிலும் அதே கதை. அவர் ஒன்றைக் காட்டி இது போதும் என்றார். அக்கா அதற்கு ஒரு படி பெரியதை எடுத்தார்.

பில் போட்டு முடித்தபோது, கிராபிக்ஸ் கார்டுக்கென்று எடுத்து வைத்த பாதியில் பாதி காணாமல் போயிருந்தது. மீதிப் பணத்துக்குக் கிடைக்கும் கார்டில் புது லாரி நகராது. அதையும் கடைக்காரரே சொன்னார், பாவம், வருத்தத்தோடு.

இந்த இடத்தில் எனக்கு அக்கா மேல் சரியான கோபம். தம்பியைப் பிடித்து வைக்க வந்தவர் காலி இடத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். இப்படி ஒரு பாத்திரத்தை வைத்துக்கொண்டு நான் எப்படிக் கதையைக் கரை சேர்ப்பேன்?

4

என்னால் முடிந்த உதவிகளைச் செய்து பார்த்தேன்.

(அ) கடைக்காரரின் மனம் இளகி, நல்ல கார்டைச் சும்மா கொடுத்துவிடுகிறார். — நீங்கள் நம்ப மாட்டீர்கள். கடைக்காரரும் நம்ப மாட்டார்.

(ஆ) ஒரு கல்யாண வீட்டிலிருந்து அவசரமாக நாற்பது ரவிக்கை தைக்க ஆர்டர் வருகிறது. — நாற்பதைத் தைக்கவே ஞாயிறு தாண்டிவிடும்.

(இ) கதையை எழுதுகிற நானே கதைக்குள் போய்ப் பணத்தைக் கொடுக்கிறேன். — எழுதிப் பார்த்தேன். கதைக்குள் இருந்தபடியே அக்கா என்னை முறைத்தார். ஓசைப்படாமல் வெளியே வந்துவிட்டேன்.

நடந்தது இதுதான். வியாழக்கிழமை, வேறு வழியில்லாமல் இருக்கிற பணத்துக்கு ஏதோ ஒரு கார்டு வாங்கிவிடலாம் என்று அக்கா மறுபடி கடைக்குப் போனார். மேல் தட்டில், கிழிந்த அட்டைப்பெட்டியிலிருந்து முழங்கை நீளத்துக்கு ஒன்று வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அதில் மூன்று விசிறிகள், மேலே ஒரு விரற்கடை தூசி.

"அது என்னண்ணே?"

"அதை விடுங்க மேடம். நல்ல கார்டுதான், வேகம் பிச்சுக்கிட்டுப் போகும். ஆனா இந்த நீளத்துக்கு யார் கேபினெட்லயும் போக மாட்டேங்குது. மூணு பேர் வாங்கிட்டுப் போய் மூணு பேரும் திருப்பிக் குடுத்துட்டாங்க. கரன்டும் ஜாஸ்தி இழுக்கும்."

அக்காவின் கை தானாகக் கழுத்துக்குப் போனது. டேப்பை உருவி, தூசியைத் தட்டி, ஒரு நுனியைப் பிடித்து இழுத்தார்.

"பதிமூணரை."

கைக்கு வரும் எதையும் அளந்து பார்க்காமல் விடாதவர் அவர். திங்கட்கிழமையே கேபினெட்டின் உள்ளளவை எடுத்து வைத்திருந்தார். "என்னோடது பதினஞ்சு. ஒன்றரை இன்ச் மிச்சம்." அப்புறம்தான் அவருக்கே ஞாபகம் வந்தது. "கரன்ட்டுக்கும் நீங்க சொன்னதை விடப் பெருசுதானேண்ணே வாங்கினேன்?"

கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அக்கா மிச்சமிருந்த பணம் முழுவதையும் மேசையில் வைத்தார். "இவ்வளவுதான்ணே இருக்கு."

அவர் பணத்தைப் பார்த்தார். கார்டைப் பார்த்தார். முட்டு போனதால் தானாகவே சாத்திக்கொண்டிருந்த தன் கடைக் கதவைப் பார்த்தார்.

"எடுத்துட்டுப் போ தங்கச்சி. ஒரு வருஷமா அது அங்க உட்கார்ந்து என்னையே பாத்துக்கிட்டிருக்கு."

இதை எழுதி முடித்ததும் என் அறையில் தனியாக எழுந்து நின்று கைதட்டினேன். வெட்கமெல்லாம் ஒன்றும் இல்லை. கோபப்பட்டதற்கு அக்காவிடம் மனதுக்குள் மன்னிப்பும் கேட்டேன்.

5

இந்த இடத்திலேயே கதையை முடித்திருக்கலாம். ஆனால் பாகங்களைப் பூட்ட வேண்டுமே. கடையில் விட்டால் திங்கட்கிழமைதான் கிடைக்கும் என்றார்கள். ஞாயிறு பகலில், துணி வெட்டும் மேசையில் பழைய போர்வையை விரித்து அக்காவே உட்கார்ந்தார். கூட வந்த தாளில் படம் இருந்தது. படம் பார்த்துத் தைப்பது அவருக்குப் புதிதா என்ன?

மூன்று மணிக்கு எல்லாம் உள்ளே போய்விட்டன. நீளக் கார்டு அலுங்காமல் போய் உட்கார்ந்து, ஒன்றரை இன்ச் மிச்சமும் விட்டது. பொத்தானை அழுத்தினார். விசிறிகள் சுற்றின. திரை மட்டும் கறுப்பு.

அணைத்துப் போட்டார். கறுப்பு. ஒவ்வொன்றையும் கழற்றி மறுபடி மாட்டினார். கறுப்பு. மணி மூன்று நாற்பது.

அவர் போனை எடுத்தார். ஆறு வருடமாகத் தொடாத அந்த எண்ணை நடுங்கும் விரலால் —

இல்லை. எடுக்கவில்லை. நானாக எழுதியது, கை பழக்கதோஷம். தம்பிக்குத்தான் இதெல்லாம் தெரியுமே, கூப்பிட்டிருக்கலாமே என்று அக்காவிடமே கேட்டிருந்தேன். "கறுப்புத் திரையை வெச்சுக்கிட்டு அவனைக் கூப்பிடுறதா? வழி சொல்றவ நான் சார்" என்றார்.

மேசை ஓரத்தில் காலையில் தைத்து முடித்த குழந்தைச் சட்டை கிடந்தது. பிரெஸ் பட்டன்களில் ஒன்று சரியாக மூடாமல் வாயைத் திறந்துகொண்டிருந்தது. எந்த யோசனையில் இருந்தாலும் அக்காவால் அப்படி ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. கட்டைவிரலால் ஓர் அழுத்து. டக்.

அக்கா சட்டையைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார்.

இருபது வருடம் பட்டும் மெல்லிய துணியும் தொட்ட கை அது. எதையும் கசங்காமல்தான் வைக்கும். ராம் துண்டுகளையும் அப்படித்தான், நோகாமல் வைத்திருந்தது. எத்தனை முறை கழற்றி மாட்டினாலும் அதே மென்மை. இப்போது இரண்டு கட்டைவிரலையும் கொடுத்து, உடைந்தால் உடையட்டும் என்று அழுத்தினார். டக். இன்னொன்று. டக்.

திரை வெளிச்சமானது. அக்கா போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரர் ஓடி வந்து என்ன ஆச்சு என்று கேட்டாராம். "ஜெயிச்சுட்டேன்!" என்றாராம் அக்கா.

6

மணி மூன்று ஐம்பத்தெட்டு. பழைய டிஸ்க்கில் புது வெர்ஷனை முன்கூட்டியே இறக்கி வைத்திருந்ததால் விளையாட்டு உடனே திறந்தது. மலையடிவாரத்தில் லாரி நின்றுகொண்டிருந்தது. எஞ்சின் அணைந்திருந்தது. ஓட்டுநர் இருக்கையில் தம்பி. வேறு யாரையும் ஏற்றிக்கொள்ளவில்லை, கிளம்பவும் இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தார்.

"வந்துட்டியா?"

"வந்துட்டேன். வண்டியை எடு."

லாரி கிளம்பியது. முன்பு சாம்பல் கட்டிகளாகத் தெரிந்த மலை இப்போது மரம் மரமாகத் தெரிந்தது. இரண்டு வளைவு தாண்டித் தம்பி கேட்டார்: "என்ன கார்டு போட்டிருக்க?"

சொன்னார்.

"அதுவா? அது எந்தக் கேபினெட்லயும் போகாதே!"

"என்னோடதுல போகும்."

தம்பி சிரித்தார். ஆறு வருடத்தில் முதல் சிரிப்பு.

"உள்ள எடம் விட்டு வாங்கினியா? என் ஸ்கூல் பேன்ட்ல விட்ட மாதிரி?"

முந்நூறு ஞாயிறுகளில் விளையாட்டைச் சேராத முதல் வாக்கியம் அது. இதற்கு அக்கா என்ன பதில் சொன்னார் என்று எழுதினால் நான் கொடுத்த வாக்கு போய்விடும். ஆகவே நிறுத்திக்கொள்கிறேன். அடுத்த வளைவு இடதா வலதா என்று சொல்ல மறந்து லாரி வேலியில் முட்டியது என்பதை மட்டும் சொல்லலாம்.

அக்கா இதைச் சொல்லி முடித்தபோது என் பேன்ட் தயாராகியிருந்தது. போட்டுப் பார்த்தேன், மூச்சு விட முடிந்தது. "இன்னும் ரெண்டு விரல் உள்ள இருக்கு சார், கவலைப்படாதீங்க" என்றார் அக்கா. பணம் கொடுக்கும்போது வெட்டு மேசையைக் கவனித்தேன். இன்னோர் ஆண் பேன்ட், வெட்டிப் பாதி தைத்த நிலையில். ஓரங்களில் துணி தாராளமாகப் பிதுங்கிக்கொண்டிருந்தது.

"இது யாருக்குக்கா? இவ்வளவு துணி விட்டிருக்கீங்க?"

"அளவு தெரியாது. பார்த்து ஆறு வருஷம் ஆச்சு."

"வர்றேன்னு சொன்னாரா?"

அவர் வாயில் குண்டூசிகள் இருந்தன. குண்டூசியை வைத்துக்கொண்டு சிரிக்கக் கூடாது. சிரித்தார்.

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. முடிவு இங்கேதான் இருக்கிறது, உள்ளே துணி விட்டுத்தான் தைத்திருக்கிறேன். உங்கள் அளவுக்குப் பிரித்துக்கொள்ளுங்கள்.