மூக்கில் ஏறிய தண்ணீர்

என் மகள் ஸ்னேகாவுக்கு நிச்சயதார்த்தம் முடிந்த அந்த மே மாதத்திலேயே கடும் காய்ச்சல் வந்தது. தலைவலியில் துடித்தாள், கழுத்தை வளைக்க முடியவில்லை. லேக் கார்டன்ஸ் வீட்டிலிருந்து டாக்சியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். செய்தி எப்படியோ பவானிபூரில் மாப்பிள்ளை வீட்டுக்கு எட்டி, சம்பந்தியாகப்போகும் பட்டாபிராமனும் வந்துவிட்டார்.

டாக்டர் லாஹிரி என்ற வங்காளி அம்மாள் ஸ்னேகாவின் கழுத்தைப் பரிசோதித்துவிட்டு, "சமீபத்தில் குளம், ஏரி எதிலாவது குளித்தாளா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"எங்கள் குடும்பத்துப் பெண்கள் குளத்தில் இறங்குவதில்லை" என்றேன்.

"கோபப்படாதீர்கள். வெயிலில் சூடான குளத்து நீரில் ஒரு வகை அமீபா இருக்கும். மூக்கில் ஏறினால் மூளைக்குப் போய்விடும். மிக அரிது, வந்தால் பிழைப்பது கஷ்டம். குளித்திருந்தால் இப்போதே அதைத் தேட வேண்டும்."

ஸ்னேகா கண்ணைத் திறக்காமலே முனகினாள். "போன சனிக்கிழமை... பாருய்ப்பூர்ல என் ஃப்ரெண்ட் மௌஷுமியோட தோட்ட வீடு... குளத்துல டைவ் அடிச்சேன்ப்பா. மூக்கெல்லாம் தண்ணி."

என்னிடம் லைப்ரரிக்கு என்று சொல்லிவிட்டுப் போன நாள் அது.

பட்டாபிராமன் தொண்டையைச் செருமினார். "தோட்ட வீடா? யார் யாரெல்லாம் போனா? உமக்குத் தெரியுமா ஓய்?"

"தெரியாம என்ன? என்னைக் கேட்டுண்டுதான் போனா."

"இப்பத்தானே குளத்துல இறங்கறதில்லைன்னீர்?"

"மறந்துட்டேன். வயசாச்சு ஓய்."

பேங்கில் இருந்த காலம் முழுவதும் மறந்துவிட்டேன் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. டாக்டரிடம் திரும்பி, "குளித்திருக்கிறாள். தேடிப் பாருங்கள்" என்றேன்.

முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்து, சூடு ஆறுமுன் மைக்ராஸ்கோப்பில் பார்க்கப் போனார்கள். வராந்தாவில் நான் நின்றுகொண்டே இருந்தேன். பட்டாபிராமன் உட்காரச் சொன்னார், உட்காரவில்லை.

டாக்டர் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். "அசைகிற அமீபா எதுவும் இல்லை. வைரஸ் மாதிரிதான் தெரிகிறது. மற்ற ரிசல்ட்டும் வரட்டும். தேறிவிடுவாள்."

அப்போதுதான் பெஞ்சில் உட்கார்ந்தேன். பட்டாபிராமன் மண் குவளையில் டீ வாங்கிவந்து கையில் திணித்தார்.

"குடியும். கல்யாணத்துக்கு அப்புறம் குளத்துப் பக்கமே விடமாட்டோம், சொல்லிட்டேன்."

"அதை உம்ம பிள்ளை அவகிட்ட சொல்லிப் பார்க்கட்டும்" என்றேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். கல்யாணம் நிற்காது என்று தெரிந்தது. ஆனால் அந்த நேரத்தில் அதுகூட எனக்கு இரண்டாம்பட்சம்தான்.

காய்ச்சல் இறங்கியதும் ஸ்னேகா என் விரலைப் பிடித்தாள். "நான் எப்போப்பா உங்களைக் கேட்டேன்?"

"கேட்டே. நானும் சரின்னேன். பேசாமத் தூங்கு."